கேளுங்கள், சொல்கிறோம்: ஒரே விவரத்தை எத்தனை மனுவில் எழுதுவது?

கேள்வி: வளரும் நாடுகளில் முதியோர் உதவித்தொகை ஒரு துறை, மாணவர் உதவி இன்னொரு துறை, மாற்றுத்திறனாளிக்கு வேறொரு துறை என்று பிரித்துப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் கலைத்துவிட்டு ஒரே திட்டமாக்கினால் என்ன?

பதில்: ஆக்கலாம், ஆக்கியும் இருக்கிறார்கள். 2003 அக்டோபரில் பிரேசில் செய்தது இதுதான். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் குடும்பத்துக்குக் கல்வி அமைச்சகம் ஒரு தொகை, கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் சுகாதார அமைச்சகம் ஒரு தொகை, சமையல் எரிவாயுவுக்கு எரிசக்தி அமைச்சகம் ஒரு தொகை, சாப்பாட்டுக்கென்று தனியாக ஒரு அட்டை என்று நான்கு ஓடிக்கொண்டிருந்தன. நான்கையும் சேர்த்து ‘போல்சா ஃபமீலியா’ என்று ஒன்றாக்கினார்கள். பேர் முழுக்க அதிபர் லூலாவுக்குப் போனது. ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பே, 2001-ல், முந்தைய ஆட்சி ‘கடாஸ்ட்ரோ ஊனிகோ’ என்ற பொதுப் பதிவேட்டைத் தொடங்கி வைத்திருந்தது. அதில் ஓட்டைகள் நிறைய இருந்தன, இருந்தாலும் அப்படி ஒன்று கையில் இல்லாமல் நான்கு பட்டியலை ஒட்டவைக்கக் கிளம்பியிருந்தால் வருடக்கணக்கில் இழுத்திருக்கும்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. குடும்பங்களைச் சந்தித்து விவரம் எழுதுவது நகராட்சியின் வேலை, பணம் போடுவது மத்திய அரசு, அதுவும் ஒரே அரசு வங்கி வழியாக, பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் பெயரில். சரி, நகராட்சிக்கு இதில் என்ன லாபம், அது ஏன் மெனக்கெட வேண்டும்? 2006 முதல், பதிவேட்டை எந்த நகராட்சி ஒழுங்காகப் புதுப்பித்து வைத்திருக்கிறதோ அதற்கு நிர்வாகச் செலவுக்குப் பணம் கூடுதலாக வரும் என்று ஒரு கணக்கு வைத்தார்கள். ‘ஒத்துழையுங்கள்’ என்று சுற்றறிக்கை அனுப்பி இந்த வேலையை வாங்கியிருக்க முடியாது.

இணைக்காமலும் ஒருங்கிணைக்கலாம். இந்தோனேசியா திட்டங்களை அந்தந்த அமைச்சகத்திடமே விட்டுவிட்டது. பட்டியலை மட்டும் பொதுவாக்கியது. நாட்டின் அடிமட்ட 40 சதவீதக் குடும்பங்களை வரிசைப்படுத்தி, அரிசி மானியமோ மருத்துவக் காப்பீடோ படிப்பு உதவியோ, எல்லோரும் இதிலிருந்து ஆள் எடுங்கள் என்றது. 2013-ல் எரிபொருள் விலையை ஏற்றியபோது சுமார் 1 கோடியே 55 லட்சம் குடும்பங்களுக்கு ஈட்டுத்தொகை கொடுத்தார்கள் என்றால், யார் யாருக்கு என்பது முன்பே தெரிந்திருந்ததுதான் காரணம். அமைச்சர்கள் சண்டை தீராத நாட்டுக்கு இந்த வழியே தோது.

கேள்வி: எல்லோருக்கும் அடையாள எண், கைரேகை, வங்கிக் கணக்கு வந்துவிட்டால் இந்தப் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடாதா?

பதில்: பாதி தீரும். ஒரே ஆள் இரண்டு பெயரில் வாங்குவது நிற்கும், இடைத்தரகர் கை வைப்பது குறையும், அதெல்லாம் உண்மை. ஆனால் அடையாள எண் ஆள் யார் என்பதை மட்டும்தான் சொல்லும். போன மாதம் அவருக்கு வேலை போனதோ கணவர் இறந்ததோ அதற்குத் தெரியாது. அதை யாராவது போய்க் கேட்டு எழுதினால்தான் உண்டு. பதிவேடு பழசாவது ரொம்பச் சீக்கிரம்: குழந்தை பிறக்கும், பெரியவர் இறப்பார், மகன் பிழைப்புக்கு வேறு ஊர் போவான், ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் பட்டியலில் இருக்கும் குடும்பம் வேறு, வீட்டில் இருக்கும் குடும்பம் வேறு. பிரேசிலில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது விவரத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்ற விதி இதற்காகத்தான்.

அப்புறம் அந்தக் கைரேகை. செங்கலும் சிமெண்டும் தூக்கியவர்களுக்கும், வயதானவர்களுக்கும் விரலில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். இயந்திரத்தில் நான்கு முறை வைத்தும் ஏற்காது. அந்த நேரத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு, ‘இவரை எனக்குத் தெரியும், கொடுக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடும் அதிகாரம் இருக்கிறதா? இல்லையென்றால், யாருக்காக இவ்வளவும் செய்தார்களோ அவரே வெறுங்கையோடு திரும்புவார். கணினியிலோ ‘வரவில்லை’ என்று பதிவாகும். நாலு மாதம் இப்படி ஓடினால் போலிப் பயனாளி என்று பெயரையே தூக்கிவிடுவார்கள், மேலிடத்தில் அதைச் சேமிப்பு என்று கணக்கும் காட்டுவார்கள். எனக்கு இதில் வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

கேள்வி: ஒருங்கிணைப்புக்கென்று உயர்மட்டக் குழு அமைத்தால்?

பதில்: அமைக்கட்டும். குழுவின் கையில் நிதி ஒதுக்கீட்டில் ஒரு பிடி இருந்தால் கூட்டத்துக்குச் செயலாளர்கள் வருவார்கள், இல்லையென்றால் உதவியாளரை அனுப்புவார்கள்.

கேள்வி: ஏழை யார் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எங்கே பார்த்தாலும் வசதியானவர் வாங்குகிறார், இல்லாதவர் நிற்கிறார்.

பதில்: முறைசாரா வேலை செய்பவருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. அதனால் கூரை எதனால் ஆனது, வீட்டில் எத்தனை பேர், குளிர்பதனப் பெட்டி உண்டா, மாடு உண்டா என்று கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள். பாகிஸ்தானில் 2008-ல் தொடங்கிய பேநசீர் வருமான ஆதரவுத் திட்டத்துக்கு முதலில் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் படிவங்களைக் கொடுத்துத்தான் ஆள் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு அதை விட்டுவிட்டு வீடு வீடாகக் கணக்கெடுத்து மதிப்பெண் முறைக்கு வந்தார்கள், அது பெரிய முன்னேற்றம். 2019 கடைசியில் திரும்பச் சலித்தபோது 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களை நீக்கினார்கள், அதில் அரசு ஊழியர்களும் இருந்தார்கள்.

நீக்குவது செய்தியாகிறது. விடுபட்டவர் செய்தியாவதில்லை, ஏனென்றால் அவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. மதிப்பெண் ஒரு ஊகம்தான். நல்ல காலத்தில் கட்டிய ஓட்டு வீட்டில் பட்டினி கிடக்கும் குடும்பத்தை அது பணக்காரர் என்றே எண்ணும். அதனால் கணக்கெடுப்பு முடிந்ததும் கதவைச் சாத்தக்கூடாது. கம்போடியாவில் ஏழைக் குடும்பங்களை ஊர்க்காரர்களே கூடி அடையாளம் காணும் ‘ஐடி புவர்’ முறை முன்பு சில வருடங்களுக்கு ஒரு சுற்றுதான் நடக்கும். பிறகு, நடுவில் நொடித்துப்போனவரும் விண்ணப்பிக்கலாம் என்று மாற்றினார்கள். 2020-ல் கொரோனா நிவாரணப் பணம் அந்தப் பட்டியல் வழியாகவே போனது.

கேள்வி: பணத்துக்கு எங்கே போவது? வெளிநாட்டு உதவியை நம்பினால் ஆளுக்கொரு நிபந்தனை போடுகிறார்களே.

பதில்: எத்தியோப்பியாவைப் பாருங்கள். வருடா வருடம் பஞ்ச நிவாரணம் கேட்டுக் கையேந்திக்கொண்டிருந்த நாடு, 2005-ல் அதையே நிரந்தரத் திட்டமாக்கியது. உடம்பில் தெம்புள்ளவருக்கு மண் அணை, பாதை போன்ற பொது வேலை. முடியாதவருக்கு நேரடி உதவி. நன்கொடை நாடுகள் ஆளுக்கொரு திட்டம் நடத்தாமல் ஒரே திட்டத்துக்குப் பணம் போட்டன, பேச்சுவார்த்தைக்கும் பொதுவாக ஒரு குழு. எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை, பணம் தாமதமாவதும் உண்டு. ஆனாலும் பஞ்சம் வந்த பிறகு திட்டம் தீட்டும் பழக்கம் குறைந்தது. இருந்தாலும், வெளிப்பணத்தில் ஆரம்பிக்கலாமே தவிர முதியோர் ஓய்வூதியம் மாதிரி வருடா வருடம் கொடுக்க வேண்டியதை உள்நாட்டு வரிப்பணத்தில் போட்டால்தான் நிற்கும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கணக்கில், 2023-ல்தான் முதன்முறையாக உலக மக்களில் பாதிக்கு மேல், 52.4 சதவீதம் பேர், ஏதாவது ஒரு சமூகப் பாதுகாப்புக்குள் வந்தார்கள். குறைந்த வருமான நாடுகளில் பத்தில் ஒருவர்தான்.

கேள்வி: கையில் கொஞ்சம்தான் நிதி, ஒரு வருடம்தான் அவகாசம் என்றால் எதில் தொடங்குவீர்கள்?

பதில்: மென்பொருள் வாங்க மாட்டேன். இருக்கிற திட்டங்களின் மனுப் படிவங்களை மேசையில் பரப்பி, எத்தனையில் ஒரே கேள்வி வருகிறது என்று பார்த்து, அவற்றை ஒரே படிவமாக்குவேன். உள்ளூர் அளவில் ஒரு அலுவலகம், அங்கே எல்லாத் திட்டத்துக்கும் அந்த ஒரு மனு போதும் என்று உத்தரவு. நிராகரித்தால் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும், மேல்முறையீட்டுக்கு 30 நாளில் பதில் வர வேண்டும், பதில் சொல்பவர் முதலில் நிராகரித்த அதே அதிகாரியாக இருக்கக்கூடாது. மீதிப் பணத்தில் வீடு வீடாகப் போகிற ஊழியர்களுக்குப் போக்குவரத்துப் படியை நேரத்துக்குக் கொடுப்பேன்.