ஓட்டத்தில் பிள்ளைகள் வாரைப் பிடித்துத் தொங்குகிறார்கள்: பதில்

குதிரை துள்ளோட்டம் எடுத்ததும் பிள்ளைகள் கடிவாள வாரைப் பிடித்துத் தொங்குகிறார்கள், ஒரு பையன் விழுந்தும்விட்டான் என்று எழுதியிருந்தீர்கள். தப்பு பையன் மேல் இல்லை. உட்காரும் சமநிலை வருமுன் வாரைக் கொடுத்தால் யாரும் அதைத்தான் பிடிப்பார்கள். குதிரையின் வாயில் இருக்கும் கம்பி இழுபட்டு அதற்கு வலிக்கும். சில குதிரைகள் தலையைத் தூக்கிக்கொண்டு இன்னும் வேகம் எடுக்கும்.

வாரை முடிச்சுப் போட்டுக் குதிரையின் கழுத்தில் விட்டுவிடுங்கள். நீங்களே நடுவில் நின்று, 7, 8 மீட்டர் கயிற்றில் குதிரையை உங்களைச் சுற்றி வட்டமாக ஓடவிடுங்கள். குதிரையின் கழுத்தைச் சுற்றி ஒரு பழைய தோல்பட்டை கட்டினால், தடுமாறும்போது பையன் அதைப் பிடித்துக்கொள்வான்.

அப்புறம், ஸ்போர்ட்ஸ் ஷூ வேண்டவே வேண்டாம். குதிகால் இல்லாததால் பாதம், கால் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் நழுவிச் சிக்கிக்கொள்ளும். அன்று விழுந்தவனின் ஹெல்மெட் அடிபட்டிருந்தால், கீறலே இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.