கொய்யா வாடுதா? முதலில் வேரைத் தோண்டிப் பாருங்கள்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் நிற்கும் கொய்யா மரத்தில் இலை செம்பு நிறமாகி உதிர்கிறது, பிஞ்சுகள் கல் மாதிரி இறுகிக் கறுத்துத் தொங்குகின்றன. நர்சரிக்காரர் பூஞ்சை என்று சொல்லி இலைக்குத் தெளிக்க மருந்து கொடுத்தார். பக்கத்து வீட்டு அண்ணன் வேரில் புழு என்கிறார். யார் சொல்வது சரி?
- வாசகி, கொடுங்கையூர்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம், அந்த மருந்துதான் வீண். கொய்யா வாடலில் நூற்புழுவும் பூஞ்சையும் பல சமயம் கூட்டுச் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. வேர் முடிச்சு நூற்புழு கண்ணுக்கே தெரியாது, வேர் நுனிக்குள் புகுந்து அங்கேயே உட்கார்ந்து உறிஞ்சும், அந்த இடம் முடிச்சு முடிச்சாக வீங்கும். ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும், நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு மாதம் போதும், அடுத்த தலைமுறை தயார். இப்படிப் பலவீனமான வேருக்குள் மண்ணில் இருக்கும் பியூசேரியம் பூஞ்சை சுலபமாக நுழைந்து தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும், அதனால்தான் மண் ஈரமாக இருந்தாலும் இலை வாடுகிறது. இது புதுக் கதையும் இல்லை. 1892-லேயே அமெரிக்காவின் அலபாமாவில் பருத்தி வாடலைப் பார்த்த அட்கின்சன் என்ற தாவர ஆய்வாளர், நூற்புழு இருக்கும் இடத்தில் வாடல் மோசமாவதை எழுதி வைத்திருக்கிறார்.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? மரத்தடியில் ஓரமாகத் தோண்டி, மெல்லிய வேர்களை எடுத்துக் கழுவிப் பாருங்கள். முடிச்சு இருந்தால் நூற்புழு. காய்ந்துவரும் கிளையின் பட்டையைச் சீவி, உள்ளே பழுப்புக் கோடு ஓடுகிறதா என்றும் பாருங்கள், ஓடினால் பூஞ்சையையும் சந்தேகிக்கலாம். முடிச்சே இல்லை, வேர் அழுகி நாறுகிறது என்றால் தேங்கிய தண்ணீரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். உங்கள் பக்கம் மழைத் தண்ணீர் வடிய எத்தனை நாளாகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பாதிக்கு மேல் காய்ந்துவிட்டால் மரத்தைக் காப்பாற்றுவது கஷ்டம், வேரோடு எடுத்துவிடுங்கள். அதே குழியில் மறுபடி கொய்யா வைக்காதீர்கள். இப்போதுதான் ஆரம்பம் என்றால் ஒன்றிரண்டு கிலோ வேப்பம் பிண்ணாக்கோடு மட்கிய எருவும் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையும் கலந்து வேர்ப்பகுதியில் போட்டு மூடுங்கள். நூற்புழு முட்டையைத் தின்னும் பர்ப்யூரியோசிலியம் என்ற நல்ல பூஞ்சையும் உரக்கடைகளில் கிடைக்கும். சுற்றிலும் செண்டுமல்லி நடலாம். மரத்தடியில் கத்தரி, தக்காளி, வெண்டை மட்டும் வேண்டாம், அவை இந்தப் புழுவுக்கு விருந்து. குருணை மருந்து போடச் சொல்வார்கள், பழம் பறித்துக் குழந்தைகள் சாப்பிடும் வீட்டு மரத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: அந்த மரத்தடி மண்ணை மாடித் தொட்டிகளுக்கு எடுக்கலாமா?
- அதே வாசகி

பதில்: அப்படியே வேண்டாம். மே மாத வெயிலில் மண்ணை நனைத்து, மெல்லிசாகப் பரப்பி, கண்ணாடி மாதிரித் தெரியும் பாலித்தீன் ஷீட்டால் காற்றுப் புகாமல் மூடி நாலைந்து வாரம் விடுங்கள், அந்தச் சூட்டில் பெரும்பாலானவை செத்துவிடும். அப்புறம் அதில் கீரை போடலாம். நர்சரியில் அடுத்த கன்று வாங்கும்போது பையிலிருந்து உருவி வேரைக் காட்டச் சொல்லுங்கள், முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள்.