ஓடைத் தவளையைப் பிடித்து வளர்க்கலாமா?

கேள்வி: கோத்தகிரியில் இளநிலை விலங்கியல் படிக்கிறேன். கருவளர்ச்சி பற்றிப் புராஜெக்ட் செய்ய வேண்டும். மருத்துவ ஆய்வுக்குத் தவளைகளைப் பயன்படுத்துவதாகப் படித்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து ஓடையில் தவளைகள் நிறைய உண்டு. நாலைந்தைப் பிடித்து வளர்த்து முட்டையிட வைக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா.

நீங்கள் படித்தது பெரும்பாலும் ஜெனோபஸ் லேவிஸ் என்ற ஆப்பிரிக்க நகத் தவளையைப் பற்றியதாகத்தான் இருக்கும். அது ஆயுள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்கும், தொட்டியில் பல ஆண்டுகள் வாழும். கர்ப்பிணிகளின் உடலில் சுரக்கும் ஹார்மோனை ஊசியில் ஏற்றினால், எந்தப் பருவத்திலும் ஒரு நாளுக்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். இதனாலேயே 1930-கள் தொடங்கிப் பல ஆண்டுகள் கர்ப்பப் பரிசோதனையே இந்தத் தவளையை வைத்து நடந்தது. முட்டை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுப் பெரிது. நுண்ணிய ஊசியால் அதன் உட்கருவையே மாற்றலாம். தலைப்பிரட்டையின் குடல் உயிரணுவிலிருந்து எடுத்த உட்கருவை முட்டைக்குள் வைத்துப் புதிய தலைப்பிரட்டைகளை வளர்த்துக் காட்டினார் பிரிட்டன் உயிரியலாளர் ஜான் கர்டன். 1962-இல் வெளிவந்த அந்த ஆய்வுக்கு 2012-இல் நோபல் பரிசு கிடைத்தது.

உங்கள் ஓடைத் தவளையோ மழையைப் பார்த்துத்தான் முட்டையிடும். அதன் வயதும் தெரியாது, நோயும் தெரியாது. நீலகிரித் தவளைகளில் சில இந்த மலைகளை விட்டால் வேறெங்கும் இல்லை. நாலைந்தைப் பிடிப்பதுகூட அவற்றுக்கு இழப்புதான். காட்டில் பிடிக்க வனத்துறை அனுமதி வேண்டும், விலங்குச் சோதனைக்குப் பதிவுபெற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும்.

ஆனால் உங்கள் ஊரிலேயே அருமையான ஒன்று இருக்கிறது. மழை இரவுகளில் புதருக்குள் 'டிக் டிக்' என்று கத்துகின்றனவே, அந்தப் புதர்த் தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. தண்ணீருக்கு வெளியே இட்ட முட்டைக்குள்ளேயே கால்கள் முளைத்து, நகத்தளவுகூட இல்லாத முழுத் தவளையாக வெளியே வரும். ஜெனோபஸின் வளர்ச்சியை 66 நிலைகளாகப் பிரித்த அட்டவணை இருக்கிறது. ஜென்பேஸ் இணையதளத்தில் படங்களோடு பார்க்கலாம். கண்ணில் படும் புதர்த் தவளை முட்டையைத் தொடாமல் தினமும் ஒரே கோணத்தில் படமெடுத்து அதோடு ஒப்பிடுங்கள். வால் எப்போது சுருங்குகிறது, பின்னங்கால் எப்போது தெரிகிறது என்று குறித்து வைத்தாலே நல்ல புராஜெக்ட் ஆகிவிடும். மண்ணுக்குள் மூடிய முட்டைகளைக் கிளறாதீர்கள்.

ஓர் ஓடையிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் காலணியைச் சேறு போகக் கழுவி, நன்றாக உலர்த்திக்கொள்ளுங்கள். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை ஈரச் சேற்றோடு பரவக்கூடியது.