மகன் வரைந்த படமும் 40,000 ரூபாய் கேட்கும் போன்காரரும்

கேள்வி: என் மகன் கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவன். காவிரிப் படித்துறையில் பெண்கள் ஆடையில்லாமல் குளிப்பதுபோல் ஏழெட்டுப் படம் வரைந்து இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறான். எங்கள் ஊர்த் தேரில் இருக்கும் ஆண் பெண் சிற்பம் ஒன்றையும் அப்படியே வரைந்திருக்கிறான். போன வாரம் ஒருவர் போன் செய்து, “ஆபாசப் படம் என்று சைபர் கிரைமில் புகார் வந்திருக்கிறது. 40,000 கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். போடாமல் முடித்துத் தருகிறேன். இல்லாவிட்டால் அம்மாவும் பிள்ளையும் ஸ்டேஷன் வர வேண்டியிருக்கும்” என்றார். வீட்டுக்காரர் படங்களைக் கொளுத்திவிடலாம் என்கிறார். படங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இது கலையா, ஆபாசமா? பையன் ஜெயிலுக்குப் போவானா?
- ஒரு தாய், திருவிடைமருதூர் வட்டம்

பதில்: அம்மா, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த 40,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். பேரம் பேசவும் வேண்டாம். ‘ஜிபேயில் ஆயிரம் அனுப்பி வாயை அடைத்துவிடு’ என்று உறவுக்காரர் யாராவது சொன்னால் கேட்டுவிடாதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உடம்பில் துணி இல்லை என்பதற்காக மட்டும் ஒரு படம் சட்டத்தின் கண்ணில் ஆபாசம் ஆகிவிடாது. ஆடையில்லாத பிட்சாடனரை, அதாவது பிச்சை ஏற்கும் கோலத்துச் சிவனை, செப்புத் திருமேனியாக வார்த்தவர்கள் நம் பக்கத்துக்காரர்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் சோழர் காலத்து ஆடல் மகளிர் சுவரோவியமாக இருக்கிறார்கள். சுவாமிமலையில் இன்றைக்கும் மெழுகு வார்ப்பில் செய்யும் அம்மனுக்கு மேலாடை கிடையாது, குழந்தை குட்டியோடு நின்று கும்பிடுகிறோம்.

சட்டம் கேட்பது வேறு. காமத்தைக் கிளறுவதற்கென்றே செய்யப்பட்டதா, பார்ப்பவர் மனத்தைக் கெடுக்கக்கூடியதா என்று கேட்கிறது. அதையும் ஒரு மூலையை மட்டும் வெட்டி எடுத்துப் பார்க்கக் கூடாது, படம் முழுவதையும் பார்க்க வேண்டும். இன்றைக்கு வாழும் சாதாரண மனிதர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று பார்க்க வேண்டும். 2014-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் இன்னும் எளிதாகச் சொல்வேன்: படத்திலிருந்து கிளுகிளுப்பை எடுத்துவிட்டுப் பாருங்கள், மிச்சம் ஏதாவது இருக்கிறதா?

உங்கள் மகன் படத்தில் நிறையவே இருக்கிறது. நனைந்த கருங்கல் படி, அதிகாலை வெளிச்சம், முதுகு வளைந்த கிழவி முழங்காலில் மஞ்சள் தேய்ப்பது, இன்னொருத்தியின் வயிற்றில் பிரசவக் கோடுகள். இவற்றைப் பார்த்து ஆபாசம் என்று சொல்பவர் படத்தையே பார்க்கவில்லை என்பேன்.

ஆனால் உங்கள் மகனிடம் ஒரு கேள்வி கேளுங்கள். மழுப்பாமல் பதில் சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பெண்கள் யார்? கற்பனையா, சம்மதித்து உட்கார்ந்த மாடலா, அல்லது படித்துறையில் குளித்தவர்களைச் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு வரைந்தானா? முதல் இரண்டும் என்றால் சரி. மாடல் என்றால் அவர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள், வயதுச் சான்றின் நகல், இரண்டும் கையில் இருக்க வேண்டும். மூன்றாவது என்றால் பேச்சே வேறு. ஒரு பெண் குளிப்பதை அவருக்குத் தெரியாமல் படம் எடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 77-ஆம் பிரிவில் வரக்கூடிய குற்றம், முதல் தடவையே ஓராண்டுக்குக் குறையாத சிறை. ‘நான் கலைஞன்’ என்பது அங்கே எடுபடாது, எடுபடவும் கூடாது. ஓவியத்தில் முகம் அடையாளம் தெரிந்தால் அந்தப் பெண்ணின் வீட்டில் என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பற்றி ஒரே வரிதான்: அந்தப் பக்கமே போகக் கூடாது.

அடுத்து தேர்ச் சிற்பம். இதில்தான் ஊரே குழம்பிக் கிடக்கிறது. ‘தேரில் இருப்பதை யார் என்ன சொல்ல முடியும், சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது’ என்பார்கள். இருப்பது உண்மை. ஆபாசப் பொருளை விற்பது பற்றிய பிரிவில் (பழைய 292, 2024 ஜூலை முதல் 294) கோயிலும், சாமி எழுந்தருளும் தேரும் பெயர் சொல்லியே விலக்கப்பட்டிருக்கின்றன. திருவாரூர் ஆழித்தேரானாலும் உங்கள் ஊர்ச் சின்னத் தேரானாலும் அதன் மேல் செதுக்கியது எதற்கும் வழக்குப் போட முடியாது. ஆனால் வாசகத்தைக் கவனியுங்கள்: விலக்கு தேரின் மேல் இருக்கும் சிற்பத்துக்கு. அதைப் பார்த்துத் தாளில் வரைந்த படத்துக்கு இந்த வரி குடை பிடிக்காது. அந்தப் படம் ‘கலை, இலக்கியம், கல்வி, அறிவியல்’ என்ற இன்னொரு விலக்கின் கீழ் போய் நிற்க வேண்டும்.

இன்ஸ்டாகிராமில் போட்டதால் வருவது தகவல் தொழில்நுட்பச் சட்டம். அதில் தேர் என்ற சொல்லே கிடையாது. கலைக்கும் கல்விக்கும் விலக்கு உண்டு, பாரம்பரியம் அல்லது சமயம் சார்ந்த நோக்கத்துக்காக வைத்திருப்பதற்கும் உண்டு. ஆக, உங்கள் மகன் அந்தப் படத்தை ஒரு சொல்லும் இல்லாமல் போட்டிருப்பதுதான் பலவீனம். ஆண் பெண் சேர்க்கையை வெளிப்படையாகக் காட்டும் படத்துக்கு 67ஏ பிரிவு போடுவார்கள். அதில் ஜாமீன் தானாகக் கிடைக்காது, நீதிபதிதான் முடிவு செய்ய வேண்டும். மற்ற படங்களுக்கு அதிகம் போனால் 67, முதல் தடவைக்கு மூன்றாண்டு வரை, ஜாமீனில் விடக்கூடியது. அதனால் இன்றைக்கே அந்தப் படத்தின் கீழே எழுதச் சொல்லுங்கள்: எந்தக் கோயில், தேரின் எந்தப் பக்கம், எத்தனையாவது தட்டு, வரைந்த தேதி. தேரில் இருக்கும் சிற்பத்தின் போட்டோவையும் பக்கத்திலேயே போடட்டும். விலைப்பட்டியலும் கண் சிமிட்டும் எமோஜியும் அந்தப் பக்கத்தில் வேண்டாம்.

தேர் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. பழைய தேரைப் பிரித்த பலகை என்று இந்தப் பகுதியில் விற்றுக்கொண்டு திரிகிறவர்கள் உண்டு. ‘மாடலுக்கு வைத்துக்கொள்’ என்று மகனிடமும் வருவார்கள். வாங்க வேண்டாம். நூறாண்டு தாண்டிய சிற்பம் தொல்பொருள் சட்டத்தில் வரும். அது கோயிலிலிருந்து திருடியதாகவும் இருக்கலாம். ஆபாச வழக்கிலிருந்து தப்பி சிலைக் கடத்தல் வழக்கில் போய் மாட்ட வேண்டாம்.

இனி அந்தப் போன்காரர். முப்பது வருஷமாக இந்த ஆட்களைப் பார்த்துவருகிறேன். முன்பு ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள், இப்போது போனில் இருக்கிறார்கள். புகார் இருக்கிறதா என்றே தெரியாது. இருந்தால் அவரே கொடுத்ததாகவும் இருக்கும். ஒரு தடவை கொடுத்தீர்கள் என்றால் அதையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் காட்டி மறுபடி கேட்பார். வழக்கில் மாட்டிவிடுவேன் என்று மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 308-இல் வரும் குற்றம்.

உண்மையான விசாரணை என்றால் அதற்கு அடையாளம் இருக்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இன்ஸ்பெக்டருக்குக் கீழே உள்ளவர் புலனாய்வு செய்ய முடியாது. இந்த அளவு தண்டனை உள்ள வழக்கில் பொதுவாக முதலில் எழுத்தில் நோட்டீஸ் வர வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். ஆக, “அம்மாவும் வர வேண்டும்” என்று அவர் சொன்ன இடத்திலேயே ஆள் யார் என்று தெரிந்துவிட்டது.

இவர்களெல்லாம் பிழைப்பதற்குக் காரணம் நம் நீதி நடைமுறையின் நத்தை வேகம். நான் சொன்ன 2014 தீர்ப்பு எதைப் பற்றியது தெரியுமா? டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவர் மணக்க இருந்த பெண்ணும் ஆடையில்லாமல் இருந்த ஒரு போட்டோ. 1993-இல் அச்சானது. அது ஆபாசம் இல்லை என்று சொல்ல 21 வருஷம் ஆயிற்று. ஓவியர் அக்பர் பதம்சியை 1954-இல் மும்பையில் ஒரு ஓவியத்துக்காகக் கைது செய்தார்கள், நீதிமன்றம் விடுதலை செய்தது. அதோடு முடிந்ததா? அவர் இறந்த பிறகு, அவர் படங்களையும் எஃப்.என். சூசாவின் படங்களையும் சுங்கத்துறை ஆபாசம் என்று பிடித்து வைத்தது. 2024 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம்தான் விடுவித்தது. எழுபது வருஷம் கழித்தும் அதே ஓவியருக்கு அதே கேள்வி! வழக்கில் ஜெயிப்பீர்கள் அம்மா, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்குள் பையனின் போனும் லேப்டாப்பும் தடய அறிவியல் ஆய்வுக்குப் போய் எப்போது திரும்பும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்த அலைச்சலுக்குப் பயந்துதான் ஜனங்கள் புரோக்கரிடம் போகிறார்கள். எனக்கு அதில்தான் கோபம்.

நீங்கள் செய்ய வேண்டியது: அந்த எண்ணையும் அழைப்பு வந்த நேரத்தையும் குறித்து வையுங்கள். மறுபடி கூப்பிட்டால் “எஃப்.ஐ.ஆர். எண்ணும் நோட்டீஸும் எழுத்தில் கொடுங்கள்” என்பதற்கு மேல் ஒரு சொல் பேச வேண்டாம். அழைப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதோடு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் நீங்களே புகார் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேளுங்கள்.

வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், கொளுத்தினால் சாட்சியத்தை அழித்ததாக ஆகிவிடும். படங்களின் பின்பக்கம் தேதி எழுதி, பழைய வேட்டியில் சுற்றி, ஈரம் படாத இடமாகப் பார்த்து வைக்கட்டும். மழைக்காலம் வருகிறது.