பூட்டோடு கிளம்பிய குளோப்மாஸ்டர்

கே: 1952-ல் அமெரிக்காவில் ஒரு சரக்கு விமானம் கிளம்பும்போதே விழுந்து 87 பேர் இறந்தார்களாமே, சரக்கு விமானத்தில் அத்தனை பேருக்கு என்ன வேலை?

ப: கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வாஷிங்டன் மாநிலம், மோசஸ் லேக் பக்கம் லார்சன் விமானப்படைத் தளம், டிசம்பர் 20 அதிகாலை. லீவில் போகும் வீரர்களை விமானப்படையே தன் செலவில் ஏற்றிக்கொண்டு டெக்சாஸுக்குக் கிளம்பிய விமானம் அது. சி-124 குளோப்மாஸ்டர் லேசுப்பட்டது இல்லை. மூக்குப் பக்கக் கதவுகளைத் திறந்தால் லாரியையே நேராக உள்ளே ஓட்டிவிடலாம், மேலே இன்னொரு தளம் போட்டுவிட்டால் 200 வீரர்கள் வரை உட்காரலாம். அன்றைக்கு இருந்தது 105 பயணிகளும் 10 சிப்பந்திகளும். 28 பேர் பிழைத்தார்கள்.

கே: என்ஜின் கோளாறா?

ப: அதுதான் இல்லை. விமானம் தரையில் நிற்கும்போது காற்றடித்தால் வாலில் இருக்கும் அசையும் பலகைகள், அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரும் இடம் வலம் திருப்பும் ரட்டரும், படபடவென்று அடித்துக்கொண்டு கெட்டுப்போகும். அதனால் அவற்றை அசையாமல் பிடித்துவைக்க ‘கஸ்ட் லாக்’ என்று ஒரு பூட்டு உண்டு, பைக்கில் ஹேண்டில் லாக் போடுவோமே, அந்த மாதிரி. கிளம்புமுன் அதை எடுக்க வேண்டும். எடுக்கவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. எலிவேட்டர் பூட்டியிருந்தால் மூக்கு எவ்வளவு ஏறுகிறது, இறங்குகிறது என்பது விமானி கையில் இல்லை. எழும்பிய கொஞ்ச நேரத்திலேயே இடது இறக்கை தரையில் இடித்து, விமானம் உருண்டு உடைந்து தீப்பிடித்தது. அதுவரைக்கும் உலகத்தில் எந்த விமான விபத்திலும் அத்தனை பேர் இறந்ததில்லை. ஆறே மாதத்தில், 1953 ஜூன் 18-ல், ஜப்பானின் தச்சிகாவாவில் இன்னொரு குளோப்மாஸ்டர் கிளம்பியதும் விழுந்து 129 பேர் போனார்கள். ஆனால் அந்தக் கதை வேறு: ஒரு என்ஜின் நின்றுபோய், திரும்பி வரும்போது வேகம் குறைந்து விழுந்தது.

கே: பூட்டை எடுக்க மறப்பார்களா என்ன?

ப: மறந்தவர்கள் பட்டியல் பெரிது சார். 1935 அக்டோபரில் போயிங்கின் மாடல் 299 குண்டுவீச்சு விமானம், பிற்பாடு பி-17 என்று பேர் வாங்கியதே அதுதான், ஓஹியோவில் இதே பூட்டோடு கிளம்பி விழுந்தது. ஓட்டிய மேஜர் ஹில் சாதாரண ஆள் இல்லை, கைதேர்ந்த விமானி. கிளம்புமுன் பார்க்க வேண்டியதை வரிசையாக எழுதிய ‘செக்லிஸ்ட்’ என்று ஒரு தாள் விமானிகள் கையில் வந்ததே அந்த விபத்துக்கு அப்புறம்தான். அடுத்த வருஷமே ஜெர்மன் விமானப்படையின் தலைமைத் தளபதிகளில் ஒருவரான வால்தர் வேவர், டிரெஸ்டனில் தானே ஓட்டிய விமானத்தில், இறக்கைப் பூட்டை எடுக்காமல் கிளம்பிச் செத்தார். அப்படியிருந்தும் 1952-ல் மறுபடி நடந்தது என்றால், தாளை அச்சடித்தால் மட்டும் போதாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கே: இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் இருக்கிறதே, இனி நடக்காது அல்லவா?

ப: பூட்டு போட்டிருந்தால், என்ஜின் வேகத்தைக் கூட்டும் பிடியான த்ராட்டிலை முன்னால் தள்ளவே முடியாதபடி சில விமானங்களில் ஏற்பாடு உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் 2014 மே மாதம் மாசசூசெட்ஸில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் அந்த ஏற்பாடு இருந்தும் பூட்டை எடுக்காமலே ஓடியது. த்ராட்டில் நகரக் கூடாத அளவுக்கு நகர்ந்துகொடுத்தது, ரன்வேயைத் தாண்டி ஓடி ஏழு பேரும் இறந்தார்கள். கிளம்புமுன் கன்ட்ரோலை முன்னும் பின்னும், இடமும் வலமும் ஒருமுறை முழுசாக அசைத்துப் பார்த்திருந்தால் அந்த நிமிஷமே தெரிந்திருக்கும், அதற்குச் சில விநாடிதான் ஆகும். அந்த விமானத்தின் முந்தைய 175 பயணங்களை விசாரணைக்காரர்கள் எடுத்துப் பார்த்தார்கள். 98 சதவீதத்தில் இந்தச் சோதனையை முழுசாகச் செய்யவே இல்லை.