ஆஸ்திரேலியாவிலிருந்து நெதர்லாந்தின் உத்ரெக்டுக்குக் குடிபெயர்ந்தால் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

கேள்வியின் விவரத்தில் மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்டோடு வந்தால் காகித வேலை எவ்வளவு, மெல்போர்ன் வாழ்க்கைக்குப் பழகிய குடும்பத்துக்கு நெதர்லாந்து ஒத்துவருமா, வீட்டுச் சாமான்களைக் கன்டெய்னரில் ஏற்றலாமா. நானும் மெல்போர்னின் புறநகரான டாண்டினாங் பக்கம் பல வருடம் இருந்துவிட்டு உத்ரெக்டுக்கு வந்தவன்தான், அதனால் எழுதுகிறேன்.

காகித வேலை பயப்படும் அளவுக்கு இல்லை. குளிரையும் மொழியையும் எல்லோரும் பெரிதாகச் சொல்வார்கள், அதெல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். உண்மையில் பழகிக்கொள்ள வேண்டியது இடம் சுருங்குவதைத்தான். வீடு, படிக்கட்டு, ஃப்ரிட்ஜ், பார்க்கிங், கடைசியில் நண்பர்களின் ஓய்வு நேரம்கூட இங்கே சின்னது. கொல்லைப்புறத்தில் பார்பிக்யூ அடுப்பும் வாசலில் இரண்டு காரும் வைத்திருந்தவர்களுக்கு முதலில் மூச்சு முட்டும். ஆனால் அந்தச் சுருக்கத்தில் ஒரு சௌகரியம் இருக்கிறது. எனக்கு இப்போது அதுதான் பிடித்திருக்கிறது.

முதலில் காகிதத்தை முடித்துவிடுவோம். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கிளம்பும் முன்பே எம்விவி என்ற நுழைவு விசா வாங்க வேண்டும். ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்டுக்கு அது தேவையில்லை. விமானம் ஏறி வந்து, குடியிருப்பு அனுமதி அட்டையை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். உங்கள் கணவரின் நிறுவனம் குடிவரவுத் துறையின் அங்கீகாரம் பெற்றதாக இருந்தால் விண்ணப்பத்தை அவர்களே போடுவார்கள். அவர் திறன்மிகு பணியாளர் அனுமதியில் வந்தால் நீங்களும் தனி அனுமதி இல்லாமல் வேலைக்குப் போகலாம். நான்கு மாதத்துக்கு மேல் தங்குபவர்கள் வந்த 5 நாளுக்குள் நகராட்சியில் பதிய வேண்டும் என்பது விதி. அந்த அப்பாயின்ட்மென்டை மெல்போர்னில் இருக்கும்போதே கேட்டு வையுங்கள். பதிந்தால்தான் பிஎஸ்என் என்ற 9 இலக்க எண் வரும். சம்பளம், வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு எல்லாவற்றுக்கும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.

இழுபறி ஆவது பிறப்புச் சான்றிதழ். நகராட்சி அதை அபோஸ்டில் முத்திரையோடு, அதாவது வெளிநாட்டில் செல்லும் என்ற அரசுச் சான்றோடு கேட்கும். நம் ஊரில் பிறந்தவர்களின் பழைய சான்றிதழ் பலவற்றில் பிள்ளையின் பெயரே இருக்காது, "ஆண் குழந்தை", "பெண் குழந்தை" என்றுதான் இருக்கும். பெயரைச் சேர்த்து, இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அபோஸ்டில் வரை வாங்கி முடிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ஊரில் அலைய ஆள் இருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மெல்போர்னில் பிறந்த உங்கள் பிள்ளைக்கு அங்கேயே சுலபமாக வாங்கிவிடலாம்.

அடுத்தது வீடு. இங்கே வாடகை வீட்டுக்கு அடிதடி. 2024 ஜூலையில் நடுத்தர வாடகைகளுக்கும், வீட்டின் பரப்புக்கும் வசதிக்கும் புள்ளி போட்டு, உச்சவரம்பு வந்தது. அதற்குப் பிறகு வீட்டுக்காரர்கள் பலர் வாடகைக்கு விடுவதை நிறுத்தி விற்க ஆரம்பித்துவிட்டார்கள். வாடகையைப் போல மூன்று மடங்கு மாதச் சம்பளம் இருக்கிறதா என்று கேட்பார்கள். முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, கேட்டால் எடுத்துச் சொல்லுங்கள். இன்னொன்று, "இந்த முகவரியில் பதிய முடியாது" என்று சொல்லும் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். பதிவு இல்லையென்றால் மேலே சொன்ன எண் இல்லை, எண் இல்லையென்றால் ஒன்றும் நகராது.

விளம்பரங்களில் மூன்று வகை வீடு பார்ப்பீர்கள். ஒன்று முழுச் சாமான்களோடு. இன்னொன்று தரையும் திரைச்சீலையும் மட்டும். மூன்றாவது வெறும் வீடு, வாடகை குறைவு. வெறும் என்றால் நிஜமாகவே வெறும்தான். உள்ளே போனால் காலுக்கடியில் சிமென்ட் இருக்கும். விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் கூரையிலிருந்து இரண்டு வயர் தொங்கும். திரைச்சீலை மாட்டும் கம்பிகூட இருக்காது, சுவரில் ஓட்டை மட்டும் இருக்கும். முன்பு இருந்தவர் மரத்தரையைப் பலகை பலகையாகக் கழற்றிக்கொண்டு போயிருப்பார், இல்லையென்றால் "தரையை வாங்கிக்கொள்கிறீர்களா?" என்று உங்களிடமே விலை பேசுவார். பேரம் பேசலாம், பேசுங்கள். ஆஸ்திரேலியாவில் வாடகை வீடு என்றால் தரை, அடுப்பு, ஓவன் எல்லாம் இருக்கும் என்று நினைத்துப் பழகியவர்கள், விளம்பரத்தில் வாடகையைப் பார்ப்பதற்கு முன் இது எந்த வகை என்று பார்க்க வேண்டும்.

அப்புறம் படிக்கட்டு. பழைய வீடுகளில் மாடிப்படி கிட்டத்தட்ட ஏணிதான். பாதத்தில் பாதிதான் படியில் பதியும், இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி, கயிற்றையோ கைப்பிடியையோ பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். பெரிய சாமான் எதுவும் அதில் ஏறாது. அதனால்தான் பழைய வீடுகளின் நெற்றியில் ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும். கயிறும் கப்பியும் மாட்டி, கட்டிலையும் அலமாரியையும் தெருவிலிருந்து ஜன்னல் வழியாக ஏற்றுவார்கள். இப்போது பெரும்பாலும் மோட்டார் வைத்த தூக்கியை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார்கள்.

சைக்கிள் இல்லாமல் இங்கே குடித்தனம் நடக்காது. விக்டோரியா 1990-இல் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிய மாநிலம், அங்கே சைக்கிள் என்றால் லைக்ரா உடுப்பும் ஞாயிற்றுக்கிழமையும். இங்கே ஹெல்மெட் போட்டால் உங்களைச் சுற்றுலாப் பயணி என்று நினைப்பார்கள். கோட்டு சூட்டு போட்டவர், கர்ப்பிணி, எண்பது வயதுப் பாட்டி, முன்பெட்டியில் இரண்டு பிள்ளைகளை உட்காரவைத்த அப்பா, எல்லோரும் ஒரே சிவப்புச் சைக்கிள் பாதையில் போவார்கள். இடதுபக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு முதல் சில வாரம் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நொடி யோசனை வரும். குறியீடு எதுவும் இல்லாத சந்திப்பில் வலதுபக்கத்திலிருந்து வருபவருக்கு முன்னுரிமை. தரையில் வெள்ளை முக்கோணங்கள் உங்களை நோக்கிக் கூராக இருந்தால் நீங்கள்தான் நின்று வழிவிட வேண்டும். போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டினால் அபராதம், 2019-இலிருந்து. பழைய சைக்கிள் வாங்குங்கள், பூட்டு மட்டும் நல்லதாக இரண்டு வாங்குங்கள். சைக்கிளைவிடப் பூட்டு விலை அதிகமாக இருந்தாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

உத்ரெக்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குக் கீழே மூன்று அடுக்கில் 12,500 சைக்கிள் நிறுத்தலாம், உலகத்திலேயே பெரிய சைக்கிள் நிறுத்தம் அதுதான். உள்ளே சைக்கிளில் ஓட்டிக்கொண்டே இறங்கலாம், எந்த வரிசையில் எத்தனை இடம் காலி என்று பலகை காட்டும். முதல் 24 மணி நேரம் இலவசம். அங்கிருந்து ரயில் ஏறினால் அரை மணியில் ஆம்ஸ்டர்டாம். மெல்போர்ன் டிராமில் இறங்கும்போது அட்டையைத் தட்டாமல் போய்ப் பழகியிருப்பீர்கள், இங்கே இறங்கும்போதும் தட்ட வேண்டும். ரயிலில் மறந்தால் 20 யூரோ பிடித்துக்கொள்வார்கள்.

காரே இல்லாமல் பள்ளி, கடை, வேலை எல்லாம் கால் மணி சைக்கிள் தூரத்தில் அடங்கிவிடும் என்பதுதான் நான் சொன்ன சௌகரியம். டாண்டினாங்கிலிருந்து சிட்டிக்குப் போய்வந்த நேரமெல்லாம் மிச்சம். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை கார் டிக்கியை நிரப்பும் பழக்கம் போய்விடும். ஃப்ரிட்ஜ் சின்னது, சைக்கிள் பை அதைவிடச் சின்னது. ஒருநாள் விட்டு ஒருநாள் கடைக்குப் போவீர்கள். நம் சமையலுக்கு லோம்போக் பகுதியில் இருக்கும் கனால்ஸ்ட்ராட்தான் தெரு. துருக்கி, மொராக்கோ கடைகளில் கொத்தமல்லி கைநிறையக் கட்டாகக் கிடைக்கும். சுரினாம் கடைகளில் பாகற்காய், காராமணிக்காய், ரொட்டி எல்லாம் உண்டு. டச்சுக் காலனியாக இருந்த சுரினாமுக்கு 1873-இலிருந்து வட இந்தியாவிலிருந்து கூலிகளாகப் போனவர்களின் வாரிசுகள் அந்தக் கடைக்காரர்களில் பலர். கோயில் என்றால் ஈழத்தமிழர்கள் கட்டிய பிள்ளையார் கோயில் டென் ஹெல்டரில் இருக்கிறது, நாட்டின் வடமேற்குக் கோடி. விசேஷ நாளில் போய்வர ஒரு நாள் முழுசாக வேண்டும்.

குளிர் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், யாரும் நம்புவதில்லை. மெல்போர்ன் ஜூலைக் குளிரில் வீட்டுக்குள் நடுங்கியதுபோல இங்கே ஜனவரியில் நடுங்கியதில்லை. இரட்டைக் கண்ணாடியும் ரேடியேட்டரும் இருப்பதால் வீட்டுக்குள் சட்டையோடு இருக்கலாம். படுத்துவது இருட்டும் காற்றும்தான். டிசம்பரில் எட்டே முக்காலுக்கு விடிந்து நாலரைக்கு இருட்டிவிடும். பிள்ளை பள்ளிக்குப் போகும்போதும் இருட்டு, நீங்கள் வேலை முடிந்து வரும்போதும் இருட்டு. ஜூனில் அப்படியே தலைகீழ், இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், பிள்ளையைத் தூங்கவைக்கக் கறுப்புத் திரை வேண்டும். மழைக்கால்சட்டை வாங்குங்கள், மழை எத்தனை மணிக்கு நிற்கும் என்று காட்டும் போயன்ராடார் ஆப்பைப் போனில் போடுங்கள். எதிர்க்காற்றுக்கு மட்டும் மருந்து இல்லை.

மனிதர்கள் நல்லவர்கள்தான், ஆனால் நாட்காட்டி வழியாகத்தான் போக வேண்டும். "இந்தப் பக்கம் வந்தேன், எட்டிப் பார்த்தேன்" என்பது ஆஸ்திரேலியாவிலும் நடக்கும், நம்மிடமும் நடக்கும், இங்கே நடக்காது. டீ குடிக்கக் கூப்பிட்டால் மூன்று வாரம் தள்ளித் தேதி கொடுப்பார்கள். ஐந்தரை மணி வரை பேசிக்கொண்டிருந்தால் பேச்சு மெல்லக் குறையும், ஆறு மணிக்கு அவர்கள் சாப்பாடு, நீங்கள் கிளம்ப வேண்டும் என்று அர்த்தம். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்திரேலிய பப்பில் ஆளுக்கொரு ரவுண்டு வாங்கி ஊற்றுவோம். இங்கே மறுநாள் காலை இரண்டரை யூரோ காபிக்குப் பணம் கேட்டு, டிக்கி என்ற ஆப்பில் லிங்க் வரும்.

பிறந்தநாள் விழாவுக்குப் போனால் அசந்துவிடுவீர்கள். கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். உள்ளே வருபவர் பிறந்தநாள்காரருக்கு மட்டும் வாழ்த்துச் சொன்னால் போதாது, வட்டத்தைச் சுற்றிவந்து அவருடைய அம்மா, மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து "உங்கள் மகன் பிறந்தநாளுக்கு வாழ்த்து", "உங்கள் மச்சான் பிறந்தநாளுக்கு வாழ்த்து" என்று சொல்ல வேண்டும். அப்புறம் உட்கார வேண்டும். காபி, ஒரு துண்டு கேக். இரண்டாவது துண்டை எதிர்பார்க்காதீர்கள். எனக்கு இந்தச் சடங்கு பிடிக்கும். மச்சானுக்கும் மரியாதை செய்யும் ஊர் எப்படித் தப்பாக இருக்கும்!

மருத்துவம். ஆஸ்திரேலிய அரசின் மருத்துவத் திட்டமான மெடிகேர் போல வரியில் அடங்காது, நான்கு மாதத்துக்குள் தனியார் காப்பீடு எடுத்தாக வேண்டும். தாமதமாக எடுத்தாலும் வந்த நாளிலிருந்து பிரீமியம் கட்ட வேண்டும். பெரியவர்களுக்கு மாதம் 150 யூரோவுக்குக் கொஞ்சம் மேல், பதினெட்டு வயதுக்குக் கீழ் இலவசம். வருடத்தில் முதல் 385 யூரோ செலவு உங்களுடையது, ஆனால் குடும்ப மருத்துவரைப் பார்ப்பது அதில் சேராது. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மருத்துவர்கள் பலர் புதிதாக ஆள் சேர்ப்பதில்லை, வந்ததும் தேட ஆரம்பியுங்கள். காய்ச்சல் என்று போன் செய்தால் "பாரசிட்டமால் போடுங்கள், பார்க்கலாம்" என்பார்கள். ஆன்டிபயாடிக் கேட்டால் கிடைக்காது. வேலை பார்ப்பவர்களுக்கு ஆறுதல் ஒன்று உண்டு. நோய்வாய்ப்பட்டால் இரண்டு வருடம் வரை, குறைந்தது 70 சதவீதச் சம்பளம் முதலாளி கொடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் வருடத்துக்கு 10 நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மே மாதம் விடுமுறைப் பணமாகச் சம்பளத்தில் 8 சதவீதமும் வரும்.

டிரைவிங் லைசென்ஸ் ஒரு வினோதம். ஆஸ்திரேலிய லைசென்ஸை வைத்து 185 நாள் வரைதான் ஓட்டலாம், சாதாரணமாக அதை இங்கே மாற்றித் தர மாட்டார்கள், எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு எல்லாம் முதலிலிருந்து. ஆனால் வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான 30 சதவீத வரிச் சலுகை கிடைத்தவரும் அவர் குடும்பமும் தேர்வே இல்லாமல் மாற்றிக்கொள்ளலாம். வரிக்கும் ஓட்டுதலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். சலுகைக் கடிதம் கைக்கு வந்ததும் லைசென்ஸை மாற்றிவிடுங்கள், கார் வாங்காவிட்டாலும். ஆஸ்திரேலியாவில் படித்த கடன் பாக்கி இருந்தால், வெளிநாட்டுச் சம்பளத்தையும் அங்கே வருடாவருடம் கணக்குக் காட்ட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி கன்டெய்னர். ஆஸ்திரேலியாவிலும் இங்கேயும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும்தான் வேறு, மாற்றினால் போதும். மிக்ஸி, இட்லி கிரைண்டர், பிரஷர் குக்கர் எல்லாம் கொண்டு வாருங்கள், இங்கே கிரைண்டர் கிடைப்பது கஷ்டம். குக்கரை ஏற்றும் முன் அடுப்பு இண்டக்ஷனா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள், இப்போது பல வீட்டில் கேஸ் இல்லை. பிள்ளைக்குப் பிடித்த, பிரெட்டில் தடவும் வெஜிமைட் இரண்டு பெரிய பாட்டில் வையுங்கள். மூன்று பேர் உட்காரும் எல் வடிவ சோபாவையும் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜையும் அங்கேயே விற்றுவிடுங்கள். படிக்கட்டைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.