பழைய டி-34/85 கிட்டைத் தூக்கிப் போட வேண்டாம்

நண்பரே, உங்கள் 1:35 அளவு டி-34/85 (இரண்டாம் உலகப்போர் கால சோவியத் டாங்கி) பிளாஸ்டிக் மாடல் கிட்டில் டரட் (பீரங்கி இருக்கும் சுழலும் மேற்கூண்டு) பொம்மை போல வழவழவென்று இருக்கிறது, ரப்பர் ட்ராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை) விறைத்து நிற்கிறது, அடியில் மோட்டார் பொருத்துவதற்கான ஓட்டைகள் வேறு என்று எழுதியிருந்தீர்கள். ஓட்டைகளைப் பிளாஸ்டிக் ஷீட்டால் அடைத்துவிடுங்கள், அடிப்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்!

டரட்டில்தான் வேலை. நிஜ டரட் அச்சில் வார்த்த எஃகு, அதனால் சொரசொரப்பாக இருக்கும். மாடல் புட்டியை (இடுக்கு அடைக்கும் பசை) லாக்கர் தின்னரில் கூழாகக் கரைத்து, தேய்ந்துபோன பிரஷ்ஷால் குத்திக் குத்திப் பூசுங்கள். காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். ஆசையில் உடற்பகுதிக்கும் பூசிவிடாதீர்கள். அது உருட்டிய தகடுகளைப் பற்றவைத்தது. (நான் பூசிவிட்டு ஒரு ஞாயிறு முழுக்கச் சுரண்டினேன்.)

கைப்பிடிகளைச் செதுக்கி எடுத்துவிட்டு 0.5 மி.மீ. செம்புக் கம்பியை வளைத்து வையுங்கள்.

அப்புறம் ட்ராக். டி-34-க்கு ட்ராக்கை மேலே தாங்கும் சிறு உருளைகள் கிடையாது, ட்ராக் பெரிய சக்கரங்களின் மேலேயே தொய்ந்து கிடக்கும். சூப்பர் குளூ வைத்து அழுத்திப் பாருங்கள். பிடிக்கவில்லையா, உடலின் பக்கவாட்டில் துளையிட்டு, ட்ராக்குக்கு மேலாகக் குண்டூசி சொருகுங்கள். மட்கார்டு நிழலில் கண்ணுக்கே தெரியாது.